கால் நனைந்த வீடு

மடத்துப்புதூர் வாய்க்கால் தெருவில் டிராயிங் மாஸ்டர் கோமதிநாயகத்தின் வீடு முதன்முதலாக நகர்ந்தது ஆனி மாதத்துச் சாரலில்தான். அன்றைக்குக் காலையில் அவர் மனைவி செண்பகவல்லி வாசல் தெளிக்கத் தகர வாளியோடு வெளியே வந்து, வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து எந்த இடத்தில் கால் வைத்து இறங்குவாளோ அதே இடத்தில் தூக்கக் கலக்கத்தோடு கால் வைத்து, அங்கே படி இல்லாததால், வாளியும் தண்ணீருமாகச் சேற்றில் உட்கார்ந்தாள். படி எங்கேயும் போய்விடவில்லை. ஒரு முழம் கிழக்கே, நேற்று இருந்த இடத்திலேயே, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல இருந்தது. வீடுதான் படியை விட்டுவிட்டு மேற்கே போயிருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே செண்பகவல்லி வீட்டைப் பார்த்தாள். கிழக்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப் பாசி பிடித்திருந்தது. மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் வந்து விழுகிற ஈசானிய மூலையில் குளம் கட்டி நின்றது. அந்தக் குளத்துக்கும் சுவருக்கும் நடுவே, நேற்றுவரை வீட்டுக்கு அடியில் இருந்த மண் வெளுத்துப்போய் வெளியே தெரிந்தது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேங்கின தண்ணீரைத் தாண்டுகிறவளைப் போல வீடு தன் காலை எடுத்து அப்பால் வைத்திருக்கிறது என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. வீட்டின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் புருஷன்மேல் வந்தது.

"ஏங்க, நான் அன்னைக்கே சொன்னேம்லா, நல்ல குழாயாப் பாத்து வாங்கி மாட்டுங்கன்னு! இப்பம் வந்து பாருங்க, வீடு கெளம்பிட்டு!"

கோமதிநாயகம் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தார், அதே இடத்தில் கால் வைத்தார், செண்பகவல்லிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "படியைத் தள்ளி வச்சது எவன்?" என்று கேட்டார். எதையும் உடனே ஒத்துக்கொள்ளுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது.

தெரு அதைவிடச் சீக்கிரம் ஒத்துக்கொண்டது. டீக்கடையில் முதல் கேள்வியே "எந்தப் பக்கமா?" என்பதுதான், மேற்கே என்று தெரிந்ததும், அப்படியானால் நமக்கு ஒன்றுமில்லை என்று கிழக்கே குடியிருக்கிறவர்கள் நிம்மதியாக டீயைக் குடித்தார்கள். காலெல்லாம் ஈரமாக இருந்தால் எவனுக்குத்தான் ஒரே இடத்தில் நிற்கத் தோன்றும், நமக்கு ஒரு நாள் செருப்பு நனைந்தாலே பொறுக்க முடியவில்லை, அந்த வீடு ஆறு வருஷமாக நிற்கிறது, அதுவாக இருக்கக்கண்டு இவ்வளவு நாள் பொறுத்தது என்று பேசிக்கொண்டார்கள். மின்சார வாரியத்து ஆள் வந்து, கம்பத்திலிருந்து வருகிற வயரை நீட்டிக் கட்டிவிட்டு, அடுத்த மழைக்கும் சேர்த்துக் கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பதாகச் சொல்லிப் போனார். தபால்காரர் மாத்திரம், வீடு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், எனக்குப் படிதான் கணக்கு என்று, வந்த கடிதங்களையெல்லாம் படியில் வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போனார். மழைக்கு மழை வீடு காலி செய்துகொண்டு வந்த இடத்தில் லோடு ஆட்டோ சுடலைமணி தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இவ்வளவு நாளும் வண்டி நிறுத்த இடமில்லாமல் தான் பட்ட பாட்டை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். செண்பகவல்லி காலையில் போடுகிற கோலத்துக்கு நேராகச் சாயங்காலம் வாசல் இருக்காது. ஜன்னல் இருக்கும், இல்லையென்றால் வெறும் சுவர் இருக்கும். வெறும் சுவருக்குக் கோலம் போட்டவள் என்று அவளுக்கு ஒரு பெயரும் வந்தது.

வாஸ்து பார்க்கிற நெல்லையப்பனும் வந்தார். அந்தக் குளம் கட்டின தண்ணீருக்கு அவர்தான் காரணம் என்று செண்பகவல்லி அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. ஆனால் அவர் திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, நான்கு மூலையும் நடந்து பார்த்து, "வீடு சரியான இடத்தைத் தானே தேடிப் போகுது மாஸ்டர். நான் சொன்னதுக்கு மேல அதுக்குச் சாஸ்திரம் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையான சங்கதி வேறு. அது மேற்குப் பக்கத்தில் இருந்தது. மேற்கே அடுத்த வீடு கோமதிநாயகத்தின் அக்காள் ஆவுடையம்மாளுடையது. புருஷன் காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலுமாகப் போனபிறகு, வெள்ளச்சி என்ற ஒரு வெள்ளாட்டோடு தனியாக இருக்கிறவள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. மொட்டைமாடித் தண்ணீரை மேற்குச் சுவர் வழியாக இறக்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்துவழியே வாய்க்காலில் விட்டுவிட்டால் கதையே இல்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் விட்டிருந்தார்கள். ஆனால் கோமதிநாயகம் ஒரு மிக்ஸி வாங்க எட்டு மாதம் விசாரிக்கிறவர், விசாரித்து முடித்துக் கடைசியாக யார் என்ன சொன்னார்களோ அதை வாங்குகிறவர். அப்படி அவர் வாங்கி மாட்டின மெல்லிசுக் குழாய், புதுமனை புகுந்த வருஷத்து ஐப்பசி மழையில், மூட்டு கழன்று, மாடித் தண்ணீர் மொத்தத்தையும் ஆவுடையம்மாள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது. உள்ளே தீபாவளிக்குச் சுட்டு, சூடு ஆறட்டும் என்று திறந்து வைத்திருந்த முறுக்கு டின் இருந்தது. முறுக்கு முழுவதும் களியாகிப் போயிற்று. அதற்குக்கூட ஆவுடையம்மாள் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். கோமதிநாயகம் சும்மா இருந்திருக்கலாம். அவர், "முறுக்குதானே அக்கா," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு வருஷம் பேச்சு இல்லை. "ஒங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் பக்கம் விழக்கூடாது, ஒங்க வீட்டுச் செங்கல் ஒண்ணு என் எல்லைக்குள்ள வந்தாலும் நின்ன எடத்துல இடிப்பேன்," என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். ரோஷத்தில் கோமதிநாயகம் மேற்கு ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைத்து, எல்லாத் தண்ணீரையும் கிழக்கே திருப்பி, அதற்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று நெல்லையப்பனைக் கூப்பிட்டு, ஈசானியத்தில் தண்ணீர் விழுவது விசேஷம் என்று சொல்ல வைத்தார். விழுந்த தண்ணீர் போக வழி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரோடு போடுகிறவர்கள் போட்ட ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. விசேஷமான தண்ணீர் விசேஷமாக அங்கேயே நின்று, வீட்டின் காலடியில் ஊறியது.

இப்போது வீடு நகர்ந்து போவது ஆவுடையம்மாளின் எல்லையைப் பார்த்து. செண்பகவல்லி பயந்தது அதனால்தான். அந்த வீடு கோமதிநாயகத்தின் பெயரில் இருந்தாலும் கட்டியது அவள் தையல் மிஷின். முன்னறை பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைத்துக் கட்டியது, சமையலறை கல்யாண ஜாக்கெட்டுகளில் கட்டியது, மாடிப்படி முழுவதும் பாவாடைக்கு நாடா கோத்து வந்தது. எந்தச் சுவரைத் தொட்டாலும் எந்த வருஷம், யார் வீட்டுத் துணி என்று சொல்லுவாள். ஆவுடையம்மாளோ சொன்னால் செய்கிறவள். வீடு நகர்ந்த அன்றே தன் கடப்பாரையைக் கொல்லனிடம் கொடுத்துக் கூர் தீட்டி வாங்கி, செண்பகவல்லி பார்க்கிற மாதிரி சுவரில் சாத்தி வைத்துவிட்டாள்.

பேச்சு நின்றுபோன இரண்டு பெண்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால், அந்த ஊர்ப் பக்கத்தில் அவர்கள் நேராகப் பேசமாட்டார்கள். கையில் கிடைத்த எதையாவது கூப்பிட்டு அதனிடம் பேசுவார்கள். ஆவுடையம்மாள் வெள்ளச்சியிடம் பேசுவாள். செண்பகவல்லிக்கு ஆடு மாடு கிடையாது. அவள் தகர வாளியிடம் பேசுவாள்.

"ஏட்டி வெள்ளச்சி, பாத்தியா அநியாயத்தை? தண்ணிய விட்டுப் பாத்தாவ, நடக்கல. இப்பம் வீட்டையே அனுப்புதாவ," என்று சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும்.

"ஏ வாளி, நீயே சொல்லு. வீட்டுக்குக் கால் நனையுது, அது போகுது. நானா புடிச்சுத் தள்ளுதேன்? வயசுல மூத்தவிய இப்படிப் பேசலாமா?" என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும். வாளிக்கு ஆறு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுப் பக்கவாட்டில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. செண்பகவல்லி அதைக் கோபத்தில் கீழே வைக்கிற வேகம் அப்படி.

கோமதிநாயகம் குழாய் வாங்கும் வேலையில் இறங்கினார். இறங்கினார் என்றால், முதலில் படம் வரைந்தார். வீட்டை நான்கு பக்கமும் வரைந்து, தண்ணீருக்கு நீலம், குழாய்க்குச் சிவப்பு, காற்றுக்குப் பச்சை என்று வண்ணம் தீட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு தென்காசியில் ஒவ்வொரு ஹார்டுவேர் கடையாக ஏறி இறங்கினார். முதலில் வந்தது வெள்ளை பி.வி.சி. குழாய். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆடி வெயிலிலும் சாரலிலும் மாறி மாறிக் கிடந்து அப்பளம் மாதிரி ஆனபிறகு, குற்றாலத்து மலையிலிருந்து இறங்குகிற குரங்குகள் அதைப் பிடித்து ஊஞ்சலாடின. ஒரு பெரிய கடுவன் கிளாம்போடு குழாயைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகப் போனதைத் தெருவே பார்த்தது. வீடு அந்த மழையில் ஒரு முழம் போனது. அடுத்து தகரக் குழாய். குரங்குகள் அதை உடைக்கவில்லை, கொட்டடித்தன. சாயங்காலம் தெருவில் எந்த வீட்டிலும் டி.வி. சத்தம் கேட்கவில்லை என்று புகார் வந்தது. தகரம் புரட்டாசிக்குள் தையல் விட்டுத் துருப்பிடித்துப் பிளந்தது, வீடு இன்னும் ஒரு முழம் போனது. அதற்கப்புறம் யாரோ சொன்னார்கள் என்று வளைகிற ஹோஸ் குழாய் வாங்கி வந்தார். அதில் மாவிலையும் அணில் கூடும் போய் அடைத்துக்கொள்ள, குழாய் ஊதிப் பெருத்து, ஒரு மத்தியானம் வெடித்தது. அந்தச் சத்தத்தில் வீடு பயந்திருக்க வேண்டும். ஒரே எட்டில் இரண்டு முழம் போய்விட்டது.

"எந்தக் குழாயா இருந்தா என்னங்க, தண்ணி போய் விழுகது அந்த மூலையிலதான?" என்றாள் செண்பகவல்லி. "மேக்கால எறக்குங்க. நல்ல கெட்டிக் குழாயா, ஒரு சொட்டு ஒழுகாத குழாயா மேக்கால போட்டு வாய்க்கால்ல விட்டா எல்லாம் சரியாயிரும்."

"அது அக்கா சம்மதிக்காம நடக்காது."

"போய்க் கேளுங்களேன்."

"நான் எப்படிப் போயிக் கேக்க? ஒரு வார்த்தை சொல்லீட்டேம்லா," என்றார் கோமதிநாயகம். ஆறு வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. செண்பகவல்லிக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

ஆனியில் லோடு ஆட்டோ போகிற அகலத்துக்கு இருந்த சந்து, ஆவணியில் சைக்கிள் போகிற அகலமாகி, ஐப்பசி பிறந்தபோது வெள்ளச்சி ஒருத்தி மாத்திரம் வயிற்றை எக்கிக்கொண்டு போய்வருகிற அகலத்துக்கு வந்துவிட்டது. எல்லைக்கல் வீட்டுச் சுவருக்கு ஒட்டினாற்போல் நின்றது. இனி ஒரு மழை பெய்தால் கல்லைத் தாண்டிவிடும். ஆவுடையம்மாள் தினமும் காலையில் கடப்பாரையைத் துடைத்து வைத்தாள். செண்பகவல்லி தினமும் காலையில் வானத்தைப் பார்த்தாள்.

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்த மழை வந்தது. மத்தியானம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலைப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து, ஒரு தூறல்கூட முன்னறிவிப்பு இல்லாமல், கொட்டினால் இப்படித்தான் கொட்ட வேண்டும் என்று கொட்டியது. ஈசானிய மூலை நிரம்பி, குளம் கட்டி, கிழக்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஏறியது. இரும்புப் பீரோவைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. வீடு புறப்பட்டுவிட்டது. அதே நேரத்தில் சந்துக்குள்ளிருந்து வெள்ளச்சி கத்தினாள்.

செண்பகவல்லி ஓடிப்போய்ப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கச் சந்துக்குள் போன ஆடு, இரண்டு சுவருக்கும் நடுவே முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. வீடு விரல் விரலாக அதன் விலாவை நெருக்கிக்கொண்டிருந்தது. சந்தின் மறுமுனையில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் கடப்பாரையோடு ஆவுடையம்மாள் நின்றாள்.

"ஏட்டி வெள்ளச்சி, பயப்படாத. நான் இந்தச் செவுத்தை இடிச்சு ஒன்னிய எடுத்திருதேன்!" என்று கடப்பாரையை ஓங்கினாள்.

அது கல்யாண ஜாக்கெட்டுச் சுவர். செண்பகவல்லிக்கு உயிரே போய்விட்டது. "ஏ வாளி!" என்று கத்தினாள். வாளி கையில் இல்லை. அதை யார் கவனித்தார்கள்? "செவுத்தை இடிச்சா மாடி சரிஞ்சு ஆட்டு மேலயே விழும்னு சொல்லு! எதையாவது குறுக்க முட்டுக் குடுக்கச் சொல்லு! கெட்டியா எதையாவது!"

ஆவுடையம்மாள் ஓங்கின கையோடு ஒரு நொடி நின்றாள். பிறகு கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தொழுவத்துக்குள் ஓடி, அங்கே வைக்கோலுக்கு அடியில் கிடந்த வார்ப்பிரும்புக் குழாய்களில் ஒரு குட்டைத் துண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் தன் வீட்டுக்கு மாட்டியதுபோக மிச்சம் வாங்கிப் போட்டது. கறுப்பாக, கனமாக, ஒருவரும் திருடிக்கூடப் போகாத குழாய். அதைச் சந்தில் குறுக்காக, ஒரு முனை தன் சுவரில், மறு முனை செண்பகவல்லியின் சுவரில் இருக்கும்படி வைத்து, காலால் உதைத்து இறுக்கினாள். வீடு வந்து அதில் முட்டியது. கிர்ரென்று ஒரு சத்தம். வீடு இன்னொரு தடவை முட்டியது. குழாய் வளையவில்லை, விரிசல் விடவில்லை, ஒரு துரும்பளவு நகரவில்லை. வீடு நின்றுவிட்டது.

அதற்குள் தெரு முழுவதும் குடையோடு கூடிவிட்டது. செண்பகவல்லி இந்தப் பக்கத்திலிருந்து வாலைப் பிடித்துத் தள்ள, ஆவுடையம்மாள் அந்தப் பக்கத்திலிருந்து கொம்பைப் பிடித்து இழுக்க, யாருடைய ஆலோசனையின் பேரிலோ விளக்கெண்ணெய் கொண்டுவந்து ஆட்டின் விலாவில் ஊற்ற, வெள்ளச்சி வழுக்கிக்கொண்டு வெளியே போய் ஆவுடையம்மாளையும் சேர்த்துத் தள்ளிவிட்டு விழுந்தாள். சேற்றில் கிடந்தபடியே ஆவுடையம்மாள் ஆட்டைத் தடவிப் பார்த்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அவள் அழுதாள். பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்குக்கூட அவள் அழுது தெரு பார்த்ததில்லை.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, வெள்ளச்சியிடம் சொன்னாள்: "கேட்டியாட்டி, ஒரு வீட்டையே தாங்குது இந்தக் குழாய். அவிய வீட்டுத் தண்ணிய தாங்காதா? எல்லைக்கல்லு செவுத்துக்கு அடியில போயிட்டு, அது போகட்டும். தொழுவத்துல இந்தக் குழாய் இன்னும் கெடக்கு. எடுத்து மேக்கால மாட்டச் சொல்லு. மேல வாய்க்கு எலை விழாம வலை கட்டணும். முழத்துக்கு ஒரு கிளாம்பு போடணும், கொரங்கு குடும்பத்தோட வந்து தொங்குனாலும் அசையக்கூடாது. கீழ்வாய் செவுத்துல முட்டாம வாய்க்காலைப் பாத்து நீளணும். ஒரு சொட்டு என் பக்கம் ஒழுகுச்சு, கடப்பாரை அங்கனதான் இருக்கு."

கோமதிநாயகம் நனையாமல் பாலித்தீன் உறையில் போட்ட படத்தோடு வந்து நின்று, "இரும்புக் குழாய் படத்துல இல்லையே," என்றார்.

"ஏட்டி வெள்ளச்சி, என் தம்பிய வாயை மூடிக்கிட்டு நிக்கச் சொல்லு," என்றாள் ஆவுடையம்மாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு 'என் தம்பி' என்று அவள் வாயில் வந்ததைக் கேட்டுக் கோமதிநாயகம் வாயை மூடிக்கொண்டதோடு, படத்தை உறையிலிருந்து எடுத்துக் குளத்தில் விட்டுவிட்டார். நீலமும் சிவப்பும் பச்சையும் கரைந்து போயின.

மறுநாள் கொத்தனார் வந்து ஈசானிய ஓட்டைகளை அடைத்து, மேற்கு ஓட்டைகளைத் திறந்து, இரும்புக் குழாயை இறக்கினார். சந்தில் இனி வேறு எதற்கும் இடம் இல்லை; இரண்டு சுவருக்கும் நடுவே, முட்டுக் கொடுத்த துண்டும் இந்தக் குழாயும் மாத்திரம் நின்றன. அடுத்த மழைக்குத் தெரு மறுபடியும் குடையோடு கூடியது. மாடித் தண்ணீர் குழாய்க்குள் இறங்கிப் பின்பக்கம் வாய்க்காலில் போய் விழுந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடுவன் குரங்கு வந்து குழாயைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டு, அவமானப்பட்டு மலைக்குப் போயிற்று. வீடு அசையவில்லை. கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீடு வந்து நின்ற இடத்தில் இரண்டு சமையலறை ஜன்னல்களும் கை எட்டுகிற தூரத்தில் எதிரெதிராக நின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் எதிர் ஜன்னலிலிருந்து ஒரு டின் நீண்டது. "வெள்ளச்சி, இது நனையாத முறுக்குன்னு சொல்லு," என்றது குரல். செண்பகவல்லி வாங்கி ஒன்றைக் கடித்தாள். நொறுங்குகிற சத்தம் எதிர் ஜன்னல்வரை கேட்டது. "வாளி, நல்லாருக்குன்னு சொல்லு. உப்பு ஒரு கல்லு கூடப் போட்டிருக்கலாம்," என்றாள். அன்றிலிருந்து ஜன்னலுக்கு ஜன்னல் ரசம் போயிற்று, கருவேப்பிலை வந்தது, சாயங்காலம் செண்பகவல்லி வீட்டு டி.வி.யில் ஓடுகிற தொடரை ஆவுடையம்மாள் தன் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள். தொடரில் மாமியார் ஏதாவது அநியாயம் செய்தால் அங்கிருந்து "நாசமாப் போறவ!" என்று சத்தம் வரும். செண்பகவல்லி அதற்காகவே வால்யூமைக் கூட்டி வைப்பாள். பேச்சு என்னவோ இன்னும் ஆட்டுக்கும் வாளிக்கும்தான். ஆனால் வாளியை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள்.

தை மாதம் வந்தது. வெயில் வந்தது. ஈசானிய மூலையில் குளம் வற்றி, மண் வெடித்து, கிழக்குச் சுவர் காய்ந்து வெளுத்தது. ஒரு நாள் ஜன்னலில் ரசக் கிண்ணத்தை நீட்டிய செண்பகவல்லிக்குக் கை ஒரு விரல் எட்டவில்லை. மறுநாள் இரண்டு விரல் எட்டவில்லை. வீடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கோமதிநாயகத்துக்கு ஒரே சந்தோஷம். காலடி காய்ந்துவிட்டது, இனி என்ன, இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும், படியில் கால் வைத்து இறங்கலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தபால்காரர், தான் படியை நம்பியது வீண்போகவில்லை என்றார். சுடலைமணி மாத்திரம், வண்டியை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்த, வந்த வீடு வந்த இடத்தில் இருக்கக்கூடாதா என்று முகத்தைத் தொங்கப்போட்டான். தொடரின் சத்தம் எதிர் ஜன்னலுக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. "நாசமாப் போறவ" என்ற குரல் ஒரு நாள் தாமதமாக வந்தது, அடுத்த நாள் வரவில்லை. வீட்டைக் காப்பாற்ற ஆனியிலிருந்து தவியாய்த் தவித்த செண்பகவல்லி, வீடு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று தெரு முழுவதும் சந்தோஷப்படுகிற நேரத்தில், மிஷினில் உட்கார்ந்து ஒரே தையலை மூன்று தடவை பிரித்தாள். எதையோ தொலைக்கப் போகிறோம் என்று அவளுக்கு இருந்தது. அதை வாளியிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

அன்று மத்தியானம் கோமதிநாயகம் பள்ளிக்கூடம் போயிருந்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்திருந்த செண்பகவல்லிக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மழையில்லை. குழாயிலும் இல்லை. சத்தம் கிழக்கேயிருந்து வந்தது. எழுந்து போய் முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

ஈசானிய மூலையில் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம். தெருவின் இரண்டு பக்கமும் திருடியைப் போலப் பார்த்துவிட்டு, குடத்தைச் சாய்த்து, வீட்டின் காலடியில் தண்ணீரை ஊற்றினாள். மண் அதை மடக் மடக்கென்று குடித்தது. கூட வந்திருந்த வெள்ளச்சி ஏன் என்பது போலப் பார்த்தாள்.

"செடிக்குத்தாம்ட்டி ஊத்துதேன்," என்றாள் ஆவுடையம்மாள் ஆட்டிடம். "இந்த வெயிலுல வாடீரும்லா." அந்த மூலையில் செடி எதுவும் கிடையாது.

செண்பகவல்லி உள்ளே போனாள். சமையலறைக்குப் போய்த் தகர வாளியை எடுத்துத் தொட்டியில் முக்கி, தளும்பத் தளும்ப நிறைத்து, படி இல்லாத வாசலில் இப்போது பழகிப்போன மாதிரி சேலையை ஒதுக்கிக்கொண்டு குதித்து இறங்கி, ஆவுடையம்மாளின் முன்னால் போய் நின்றாள். ஆவுடையம்மாள் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இடையில் இரும்புக் குழாய் நிற்கிறது, அது ஒரு வீட்டையே தாங்கியது, இனி எவ்வளவு நெருங்கினாலும் யார் சுவரும் இடியாது என்று செண்பகவல்லி அந்த மத்தியானத்தில்தான் யோசித்துப் பார்த்தாள். வாளியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"தள்ளிக்கிடுங்க மைனி," என்றாள் நாத்தனாரிடம். "ஒரு கொடம் எப்படிப் பத்தும்?"

ஊற்றினாள். உள்ளே எங்கேயோ பீரோவை இழுக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. சுவர் ஒரு விரல் அகலம் மேற்கே போனது. ஆவுடையம்மாள் குடத்தை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டி, "இதுலயும் கோரிட்டு வாட்டி," என்றாள்.